ஊசி போடாத டாக்டரம்மா

நான் எழுதுகிறவன் இல்லை. பத்தாவது வரை படித்தேன். அதிலும் தமிழில்தான் மார்க் குறைவு. இன்னொருவரைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. அதனால் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கேட்டுவிட்டு எழுதத்தான் போகிறேன். எனக்குக் குரல் இல்லை. தொண்டையில் வந்த புற்றுநோய்க்காகக் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தின் அடியில் உள்ள துளை வழியாக மூச்சு விடுகிறேன். பேச முடிந்தவர்கள் ஊசி போடாத அந்த டாக்டரம்மாவைப் பற்றிப் பேசியிருக்கலாம். யாரும் பேசவில்லை. ஆகவே பேச முடியாதவன் எழுதுகிறேன்.

அவர் பெயரை எழுத மாட்டேன். எழுதட்டுமா என்று அவரைக் கேட்க இப்போது வழியில்லை. எங்கே இருக்கிறாரோ தெரியாது. ஒருவரைக் கேட்காமல் அவர் விஷயத்தில் முடிவு எடுத்தால் அந்த அம்மாவுக்குக் காது மடல் இரண்டும் சிவந்துவிடும். அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆபரேஷன் முடிந்து சில மாதம் கழித்து நடந்த ஒன்றை முதலில் சொல்கிறேன். உதவித்தொகைக்காக உத்திரமேரூரில் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தோம். நானும் என் மனைவி செல்வியும். ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு நோயாளிகளைப் பார்க்க வந்திருந்த அந்த அம்மாவும் கூடவே வந்தார். மேசைக்குப் பின்னால் இருந்தவர் என்னைப் பார்த்தார், என் கழுத்தில் கட்டியிருந்த துணியைப் பார்த்தார், பிறகு செல்வியைக் கேட்டார்.

"இவருக்குக் காது கேக்குமா?"

செல்வி வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா சொன்னார்: "அவரையே கேளுங்க."

"பேச மாட்டாருன்னு சொன்னீங்களே?"

"பேச மாட்டார். நீங்க பேசலாமே."

அவர் என் பக்கம் திரும்பி, ஊருக்கே கேட்கிற மாதிரி, "காது கேக்குதாப்பா?" என்று கத்தினார். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் இரண்டு காதையும் கையால் பொத்திக் காட்டினேன். அந்த அம்மா சிரித்த சிரிப்பில் மேசை மேல் இருந்த காகிதம் பறந்தது. செல்விக்கு வெட்கம் தாங்கவில்லை. வெளியே வந்ததும், "இன்னா மேடம், ஆபீஸர எதுத்துக்கினு" என்றாள்.

"எதுக்கலைங்க. யாரைப் பத்திப் பேச்சோ அவர்கிட்ட பேசச் சொன்னேன், அவ்வளவுதான்."

அவ்வளவுதான் அவர். இருந்த இரண்டு வருஷமும் இந்த ஒன்றைத்தான் செய்தார். இதனாலேயே பாதிப் பேருக்கு அவரைப் பிடிக்காது.

ஆள் குட்டை. தலைமுடியை ரப்பர் பேண்டில் ஏனோதானோ என்று முடிந்திருப்பார். நடை மட்டும் சண்டைக்குப் போகிறவர் நடை. கைப்பையில் எப்போதும் வேர்க்கடலைப் பொட்டலம் இருக்கும். தெற்கத்திப் பக்கத்துக்காரர் என்று நினைக்கிறேன். எங்கள் பேச்சு பாதி அவருக்குப் புரியாது. புரியாவிட்டால் புரிந்த மாதிரி தலையாட்ட மாட்டார், திரும்பக் கேட்பார். இதமாகப் பேசுகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு முறை எங்கள் வீட்டில் சாப்பிட்டார். செல்வி பார்த்துப் பார்த்துக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். "எப்டி கீது மேடம்?" என்று கேட்டாள். "உப்பு ஜாஸ்தி" என்றார். செல்வி முகம் போன போக்கைப் பார்த்தும் மாற்றிச் சொல்லவில்லை. உப்பு ஜாஸ்தியான அந்தக் குழம்பை இரண்டு முறை ஊற்றிச் சாப்பிட்டார்.

காஞ்சிபுரம் பக்கம் ஓர் அறக்கட்டளை நடத்திய புற்றுநோய் ஆஸ்பத்திரியில்தான் அவரைப் பார்த்தேன். மினி பஸ்கள் எங்கள் கிராமங்களுக்கு வந்து சில வருஷம் ஆகியிருந்தது. நான் உத்திரமேரூரைச் சுற்றி ஓடும் ஒரு மினி பஸ்ஸில் கண்டக்டர். கூச்ச சுபாவம் உள்ளவன் எப்படிக் கண்டக்டர் ஆனான் என்று கேட்பீர்கள். தோளில் பை மாட்டினால் நான் வேறு ஆள். "திருப்புலிவனம்லாம் எறங்கு" என்று நான் குரல் கொடுத்தால் வயலில் இருப்பவன் நிமிர்வான். பையைக் கழற்றிவிட்டால் கடையில் பீடி கேட்கக்கூட வாய் வராது. அந்தக் குரல் கட்டியது. கட்டியது விடவில்லை. ஆஸ்பத்திரியில் 'கரண்ட்' வைத்தார்கள், கதிர்வீச்சுதான். கட்டி குறைந்து, பிறகு திரும்ப வந்தது. ஆபரேஷன் என்றார்கள்.

எல்லாவற்றையும் பேசியது என் அண்ணன் ஏழுமலை. கொத்தனார். எங்கள் சிறுவயதிலேயே அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். என்னைப் பள்ளியில் சேர்க்கும்போது பேசியவர் அண்ணன்தான். பஸ் முதலாளியிடம் வேலை கேட்டவர், செல்வி வீட்டில் பெண் கேட்டவர், எல்லாம் அவரே. காலனியிலிருந்து போய் எதிரே நின்று பேச ஒரு நெஞ்சு வேண்டும். அது அண்ணனுக்கு இருந்தது. எனக்காக அவர் பேசுவது எனக்கு வசதியாகவும் இருந்தது. ஆஸ்பத்திரியிலும் டாக்டர் என் வாயைத் திறந்து பார்ப்பார், பிறகு அண்ணனைக் கூட்டிக்கொண்டு வாசல் பக்கம் போய்விடுவார். அங்கே பேச்சு நடக்கும். அண்ணன் திரும்பி வந்து, "தொண்டைல சதை வளந்துக்கீதாம். எடுத்துட்டா சரியாப்பூடும்" என்பார்.

ஆஸ்பத்திரி வாசலில் 'புற்றுநோய்' என்று ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருந்தார்கள். நான் பத்தாவது படித்தவன். அந்த எழுத்துக்குக் கீழேதான் தினமும் டீ குடித்தேன். ஆனாலும் அண்ணன் சதை என்றால் நானும் சதை என்றுதான் சொன்னேன். வார்டில் எல்லோரும் அப்படித்தான். சொந்தக்காரர்கள் நோயாளிக்குத் தெரியாது என்று நினைப்பார்கள். நோயாளி, தனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரிந்தால் வருத்தப்படுவார்கள் என்று வாயை மூடிக்கொண்டிருப்பார்.

இந்த இடத்துக்குத்தான் அந்த அம்மா ஒரு மர முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கட்டில் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். எனக்கு அது புதுசு. என்னைவிடப் பெரிய படிப்பு படித்தவர் யாரும் அதுவரை என் எதிரே என் கண் மட்டத்துக்கு உட்கார்ந்ததில்லை. "கன்னியப்பன், உங்ககிட்ட கொஞ்ச நேரம் பேசலாமா? வேணாம்னா நாளைக்கு வரேன்" என்றார். அந்த ஆஸ்பத்திரியில் என்னை 'நீங்க' என்று சொன்ன முதல் ஆள் அவர்.

அடுத்த கட்டிலில் பெருநகர் என்ற ஊர்க்காரர் முனுசாமி. எழுபது வயசு இருக்கும், கன்னத்தில் கட்டி, வாய் மட்டும் குறையவில்லை.

"எம்மா, நீ டாக்டர்ன்றாங்க. ஊசிய காணோமே?"

"நான் ஊசி போடுற டாக்டர் இல்லைங்க. மனசைப் பத்திப் படிச்சு டாக்டர் பட்டம் வாங்கினவ. இங்க ட்ரெய்னிங்குக்கு வந்திருக்கேன்."

"டாக்டருக்கே படிச்சிட்டியே, அப்பால இன்னா ட்ரெய்னிங்கு?"

"அந்தப் படிப்புல புத்து நோய் வந்தவங்க பக்கத்துல எப்படி உக்காரணும்னு சொல்லித் தரலை. அதுக்கு ரெண்டு வருஷம்."

"உக்கார்றதுக்கு ரெண்டு வருசமா! இன்னா பேஜார்மா இது."

அன்றிலிருந்து வார்டில் அவருக்கு 'ஊசி போடாத டாக்டரம்மா' என்று பெயர். வியாழக்கிழமைதோறும் சென்னையிலிருந்து தலை நரைத்த அம்மா ஒருவர் வருவார். இவருக்கு மேற்பார்வை. அந்த வாரம் செய்ததையெல்லாம் அவரிடம் சொல்ல வேண்டும். தப்பாகச் செய்ததை முதலில் சொல்ல வேண்டுமாம். இதை அவரே எங்களிடம் சொன்னார். எங்களிடம் எதையும் மறைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

அந்தப் பழக்கத்தால் ஒரு கூத்து நடந்தது. ஒரு நாள் ஓர் அட்டையைக் கொண்டுவந்தார். காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக் குழாய் போலப் படம், கீழிருந்து மேலாக எண்கள். "மனசுல கஷ்டமே இல்லைன்னா பூஜ்யம். தாங்கவே முடியலைன்னா பத்து. இந்த வாரம் உங்களுக்கு எவ்வளவு?" என்று முனுசாமியிடம் கேட்டார்.

"இன்னாம்மா இது, உனுக்குப் பரிச்சையா?"

"ஒரு மாதிரி பரிட்சைதான். வியாழக்கிழமை காட்டணும்."

முனுசாமி யோசித்தார். "அப்ப பத்து போட்டுக்க" என்றார்.

அவர் குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். முனுசாமி வார்டு முழுக்கக் கண்ணைக் காட்டினார். "பத்து" என்றார் இரண்டாவது ஆள். "எனுக்கும் பத்து" என்றார் மூன்றாவது ஆள். நாளை வீட்டுக்குப் போகிற ஆள்கூட, சட்டை பட்டன் போட்டுக்கொண்டே, "பத்துக்குப் பத்து மேடம், நல்லா போட்டுக்கோங்க" என்று சிரித்தான். அந்த அம்மாவின் முகத்தில் ரத்தம் இல்லை. என்னிடம் வந்தபோது நானும் பத்து என்றேன்.

வியாழக்கிழமை நரைத்த அம்மாவும் அவரும் ஓடாத குறையாக வந்தார்கள். முனுசாமி எழுந்து உட்கார்ந்து, "இன்னாம்மா, பாஸா?" என்று கேட்டார்.

ஒரு நிமிஷம் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நரைத்த அம்மா சிரிக்கவில்லை. "பரிட்சைன்னு சொன்னது நீதானே?" என்றார். "நான்தான்" என்றார் இவர். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மார்க் எனக்கு இல்லை, உங்களுக்கு உள்ளே இருக்கிற பாரத்துக்கு என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி, திரும்பக் கேட்டார்.

"அப்டின்னா ரெண்டு" என்றார் முனுசாமி. "அதுவும் இங்க போடுற நாஷ்டாவால."

நான்கு, மூன்று, ஐந்து என்று எல்லோரும் இறங்கினார்கள். என்னிடம் வந்து முக்காலியைப் போட்டார். நான் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர்களாக இருந்தால் போயிருப்பார்கள். அவர் போகவில்லை.

"அதேதான்" என்றேன், வந்த குரலில்.

"பத்தா?"

தலையாட்டினேன். "இன்னாமோ மறைக்கிறாங்க மேடம். சதைன்றாங்க, கட்டின்றாங்க. அது இன்னான்னு எனுக்குத் தெரியும். இது வேற. செல்வி என் வாயவே பாத்துக்கினு அழுவுறா."

மறைத்தது இதுதான். ஆபரேஷனில் குரல்வளை முழுவதும் போகும், அதன் பிறகு பேச முடியாது. அண்ணனுக்குத் தெரியும், செல்விக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும். அந்த அம்மாவுக்கும் தெரியும் என்று பிறகுதான் புரிந்தது. தெரியாமல் இருந்தது, குரலுக்குச் சொந்தக்காரன் ஒருவனுக்குத்தான்.

அன்றைக்கு அண்ணன் வந்ததும் அவர் எதிரிலேயே அந்த அம்மா என்னைக் கேட்டார்: "உங்க ஆபரேஷனைப் பத்தி டாக்டர் எல்லாத்தையும் உங்ககிட்ட சொல்லணுமா, அண்ணன்கிட்ட சொன்னா போதுமா? நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படி."

நான் அண்ணனைப் பார்த்தேன். "அண்ணன் சொன்னா சரி" என்றேன்.

"கேட்டுக்கினியா மேடம்?" என்றார் அண்ணன்.

மறுநாள் அந்த அம்மா வந்து உட்கார்ந்ததும் முதலில் சொன்னது: "நேத்து நான் கேட்ட விதம் தப்பு. அண்ணன் நிக்கறப்போ தம்பி வேற பதில் சொல்ல மாட்டார்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். இன்னொரு தடவை கேக்கட்டுமா?" பிறகு அண்ணனைப் பார்த்து, கொஞ்ச நேரம் வெளியே இருக்க முடியுமா என்றார்.

"இன்னாத்துக்கு? எனுக்குத் தெரியாம என் தம்பிகிட்ட இன்னா பேச்சு?"

"நாங்க பேசறது எல்லாம் உங்களுக்குத் தெரியும். அவர் தனியா ஒரு பதில் சொல்லட்டும்."

அண்ணன் போனார், வார்டு வாசல் வரை. அங்கே எங்கள் பக்கம் பார்த்தபடியே நின்றார். அந்த அம்மா முக்காலியைத் திருப்பிப் போட்டு, வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். எனக்கு அண்ணன் முகம் தெரியவில்லை. அந்தக் குட்டை உருவம் மறைத்துக்கொண்டது.

"சொல்லச் சொல்லுங்க" என்றேன். "என்கிட்ட."

அன்று மாலை டாக்டர் வந்து சொன்னார். அந்த அம்மா பக்கத்தில் இருந்தார். கழுத்தில் துளை, மூச்சு அதன் வழியாக, பேச்சு போய்விடும், செய்யாவிட்டால் கட்டி மூச்சை அடைக்கும். டாக்டர் நல்ல மனுஷன்தான். அதுவரை என்னைத் தாண்டி அண்ணனிடம் பேசியவர் அன்று என்னிடம் பேசினார்.

நான் எழுந்து நடந்தேன். ஆஸ்பத்திரி கேட் வரை போனேன். வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்றுதான் போனேன். குரல் இல்லாமல் என்ன மயிருக்கு உயிர் என்று தோன்றியது. பின்னால் அந்த அம்மா வந்தார், அண்ணன் அழுதுகொண்டே ஓடிவந்தார். என்னைப் பிடிக்கவில்லை. அந்த அம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"தொ பாரு! இதுக்குத்தான் சொல்லாதேன்னு சொன்னேன். ஓடிப்பூட்டான்னா செத்துடுவான். என் தம்பி செத்தா நீ திருப்பிக் குடுப்பியா?"

அந்த அம்மா பயந்திருந்தார். காது சிவக்கவில்லை, வெளுத்திருந்தது. எனக்கு ஏதாவது ஆனால் அது அவர் தலையில்தான் விழும். ஆனாலும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. பக்கத்தில் வந்து, கேட்டை ஒட்டிய திட்டில் உட்கார்ந்தார்.

"வேணாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. வேணாம்னா என்ன ஆகும்னு டாக்டர் சொல்லிட்டார். நீங்க போகக் கூடாதுன்னுதான் நான் ஆசைப்படறேன், அதையும் மறைக்கலை. முடிவு உங்களோடது" என்றார். கைப்பையைத் திறந்து வேர்க்கடலையை நீட்டினார். நான் வாங்கவில்லை. அவர் மட்டும் தின்றார். பயத்தில் தின்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

ரோட்டில் ஒரு பஸ் போனது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கத்திக்கொண்டு போனான். எனக்கு அழுகை வந்தது. அழுது முடிக்கும்வரை இரண்டு பேரும் அங்கேயே இருந்தார்கள். பிறகு, "டாக்டர்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றேன். "சோறு திங்க முடியுமான்னு."

முடியும் என்றார் டாக்டர். முதலில் குழாய் வழியாக, பிறகு வாயாலேயே. நானே கையெழுத்துப் போட்டேன். அதுவரை என் காகிதங்களில் எல்லாம் அண்ணன் கையெழுத்துதான்.

ஆனால் அண்ணனுக்குக் கோபம் ஆறவில்லை. ஆஸ்பத்திரி மேலதிகாரியிடம் போய், ட்ரெய்னிங்குக்கு வந்த ஒரு அம்மா என் தம்பியைக் கொல்லப் பார்த்தது என்று சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலையில் அந்த அம்மா வார்டுக்கு வந்து, நின்றபடியே பேசினார். முக்காலி கையில் இல்லை.

"விசாரிக்கிற வரைக்கும் இந்த வார்டுக்கு நான் வரக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. உங்க யாருக்கும் சொல்லாமப் போகப் பிடிக்கலை. அண்ணன்கிட்ட மன்னிப்பு கேக்கச் சொன்னாங்க. பயமுறுத்தினதுக்குக் கேட்டுட்டேன். உங்க விருப்பத்தை உங்ககிட்ட கேட்டதுக்கு மன்னிப்பு கேக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்."

"ட்ரெய்னிங்கு போயிடுமாம்மா?" என்றார் முனுசாமி.

"போகலாம்" என்றார்.

கொஞ்ச நேரத்தில் டாக்டர், அவருக்கு மேலதிகாரி, நர்சுகள் என்று ஒரு கும்பல் வார்டுக்குள் வந்தது. கட்டில் கட்டிலாக வந்து என் கட்டிலருகே நின்றார்கள். மேலதிகாரி என்னைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்து, "இப்போ எப்படி இருக்கான்? பயம் போச்சா?" என்று கேட்டார். அண்ணன் வாயைத் திறந்தார்.

நான் எழுந்து நின்றேன். தோளில் பை இல்லை. ஆனாலும் குரல் வந்தது. கட்டிய குரல்தான், பாதி காற்று. ஆனால் வார்டின் கடைசிக் கட்டில்வரை கேட்டது.

"அண்ணா, நீ பேசாத. நான் கீறேன்ல."

அண்ணன் வாய் திறந்தபடியே நின்றார்.

"சார், என்னாண்ட கேளுங்க. பயம் போவல. கீது. ஆனா இன்னாத்துக்குப் பயம்னு இப்போ எனுக்குத் தெரியும். அந்தம்மா என்னக் கொல்லல. நான் சொல்லச் சொன்னேன், சொன்னாங்க. விசாரிக்கணும்னா இன்னிக்கே என்ன விசாரிங்க சார். நாளைக்கு என்னால சொல்ல முடியாது."

கதவருகே அந்த அம்மா நின்றிருந்தார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தது.

"கண்டக்டரு," என்றார் முனுசாமி, "அப்டியே பெருநகரையும் ஒரு தபா கூவிடு. நான் எறங்கணும்."

கூவினேன். பெருநகர் மட்டும் இல்லை, என் பஸ் நிற்கிற ஊர், நிற்காத ஊர், எல்லாவற்றையும் கூவினேன். இருமல் வந்து நின்றது. அன்று மாலை செல்வியிடம் நிறையப் பேசினேன். அதை எழுத மாட்டேன்.

மறுநாள் காலையில் ஆபரேஷன் நடந்தது. மாலையில் கண் விழித்தேன். வார்டுக்கு வரலாம் என்று சொல்லிவிட்டார்களாம், அந்த அம்மா முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பத்துக்கு எவ்வளவு என்று கேட்டார். ஏழு விரல் காட்டினேன்.